லாகோஸிலிருந்து ஹூஸ்டன் வரை: ஹகீம் ஒலாஜுவான்



 

இன்றைய உரைக்கு ஒரு கூடைப்பந்தாட்ட வீரரை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மார்க்க உரையில் பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று மூத்தவர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துக் கேளுங்கள். மாலையில் மைதானத்துக்குப் போன மகன் மஃரிப் பாங்கு ஒலித்த பின்னரும் வீடு திரும்பாதபோது எழும் சச்சரவு உங்களில் பலருக்குப் புதியதல்ல. "விளையாட்டா, தொழுகையா? ஒன்றைச் சொல்" என்று வாப்பா கேட்கிறார். மகன் தலை குனிந்து நிற்கிறான். அந்தக் கேள்வியே சரியானதுதானா என்பதை, உலகின் மிகப் பெரிய ஆடுகளத்தில் நின்ற ஒரு முஸ்லிமின் வாழ்க்கையை வைத்துப் பார்ப்போம்.

ஹகீம் ஒலாஜுவான் 1963 ஜனவரி 21 ஆம் திகதி நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தார். யொரூபா இனத்தைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பம். பெற்றோர் சீமெந்து வியாபாரம் செய்து பிள்ளைகளை வளர்த்தார்கள். பெரியோரை மதிக்க வேண்டும், உழைத்து உண்ண வேண்டும், பொய் பேசக் கூடாது என்பவை அந்த வீட்டின் சட்டங்கள். சிறுவன் ஹகீம் விரும்பி ஆடியது உதைபந்தாட்டம்; அதிலும் கோல் காப்பாளராக நிற்பதையே விரும்பினார். கைப்பந்தாட்டமும் ஆடினார். லாகோஸிலுள்ள முஸ்லிம் ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 15 வயதில்தான், கூடைப்பந்தை முதன்முதலாகக் கையில் எடுத்தார்.

பெற்றோர்களே, இந்த இடத்தில் ஒரு கணம் நில்லுங்கள். ஆறு வயதிலேயே பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிட்டு, அதற்கு வெளியே அவன் ஆடும் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் வீணென்று கணக்கெழுதுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். கோல் கம்பங்களுக்கிடையே பாய்ந்து பந்து பிடித்த அந்தப் பையனின் கால்களும் கண்களுமே, பிற்காலத்தில் ஏழடி உயரம் கொண்ட ஒரு மனிதரை அத்தனை இலாவகமாகத் திரும்பச் செய்தன. எதிராளியை ஒரு பக்கம் நம்பவைத்து மறுபக்கம் சுழன்று பந்தெறியும் அவரது அசைவுகளுக்கு அமெரிக்கர்கள் தனிப் பெயரே வைத்தார்கள். அதன் வேர் லாகோஸ் மைதானத்தில் இருந்தது.

1980 இல் அவர் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கச் சென்றார். விமான நிலையத்தில் வரவேற்க ஒருவரும் வரவில்லை. தொலைபேசியில் அழைத்தபோது வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து வரும்படி சொன்னார்கள். முதல் ஆண்டு ஆடுவதற்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் அந்த நகரிலிருந்த ஒரு பொது உடற்பயிற்சி நிலையத்தில், அக்காலத்தின் முன்னணி வீரரான மோசஸ் மலோனோடு கோடைகாலங்களில் மோதிப் பழகும் வாய்ப்பு அமைந்தது. தன்னைவிடப் பலசாலியிடம் நாள்தோறும் தோற்றுத் தோற்றே தொழிலைக் கற்றார். எத்தனை சிரமமுமின்றி அவர் பந்தைக் கூடைக்குள் இறக்குவதைக் கண்ட பயிற்றுவிப்பாளர் கை லூயிஸ், அவருக்குக் 'கனவு' என்று பட்டப்பெயர் சூட்டினார். 1983 இலும் 1984 இலும் அவரது பல்கலைக்கழகம் இறுதி ஆட்டம் வரை சென்று தோற்றது. 1983 இல் கடைசி நொடியில், 54க்கு 52 என்ற கணக்கில், கிண்ணம் கைநழுவியது. ஆயினும் அந்தத் தொடரின் மிகச் சிறந்த வீரராகத் தோற்ற அணியைச் சேர்ந்த இவரையே தெரிவுசெய்தார்கள்.

1984 இல் என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணிகள் புதிய வீரர்களைத் தெரிவுசெய்தபோது முதலாவதாக அழைக்கப்பட்ட பெயர் ஒலாஜுவான். பின்னாளில் உலகமே அறிந்த மைக்கல் ஜோர்டன் அந்த ஆண்டு மூன்றாவதாகத்தான் அழைக்கப்பட்டார். ஹூஸ்டன் ரொக்கட்ஸ் அணி இவரை எடுத்துக்கொண்டது. இருபத்தொரு வயதில் பெரும் பணம், பெரும் புகழ்.

இனி வருவதை இளைஞர்கள் கவனமாகக் கேட்க வேண்டும். லாகோஸில் ஊட்டப்பட்ட மார்க்கம் அந்த ஆண்டுகளில் அவரது வாழ்வின் ஓரத்துக்குப் போய்விட்டது. அவர் மார்க்கத்தை மறுக்கவில்லை. அதற்கு நேரம் ஒதுக்கவில்லை, அவ்வளவுதான். நம்மில் பலருக்கும் நேர்வது இதுவே. களத்தில் கோபம் அவரை ஆண்டது. 1986 இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியுடனான முக்கியமான ஆட்டமொன்றில் எதிரணி வீரரோடு கைகலந்து களத்தைவிட்டு வெளியேற்றப்பட்டார். அந்த ஆண்டு இறுதித் தொடருக்குச் சென்ற அவரது அணி, பொஸ்டனிடம் தோற்றது. அதன் பின்னர் பல ஆண்டுகள் சிறந்த வீரர் என்ற பெயர் இருந்தது. கிண்ணம் மட்டும் எட்டவில்லை.

1991 ஜனவரியில், ஆட்டத்தின்போது எதிரணி வீரரின் முழங்கை பட்டு அவரது கண்ணைச் சூழ்ந்த எலும்பு முறிந்தது. 25 ஆட்டங்களை இழந்தார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில், அதுவரை 'அக்கீம்' என்று எழுதப்பட்டுவந்த தமது பெயரை 'ஹகீம்' என்று எழுதுமாறு கேட்டுக்கொண்டார். தாம் பெயரை மாற்றவில்லை, பிழையாக எழுதப்பட்டதைத் திருத்துகிறேன் என்பதே அவர் தந்த விளக்கம். ஹகீம் என்ற அரபுச் சொல்லுக்கு ஞானமுடையவர் என்று பொருள். பெயரோடு நின்றுவிடவில்லை. வீட்டிலும் விமானத்திலும் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் குர்ஆனை ஓதினார். பள்ளிவாசலோடு அவரது தொடர்பு உறுதியாயிற்று.

அதன் பின் நடந்தது விளையாட்டு வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1993-94 பருவத்தில் என்.பி.ஏ.யின் மிகச் சிறந்த வீரர், மிகச் சிறந்த தடுப்பாட்ட வீரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் ஆகிய மூன்று விருதுகளும் அவரிடமே வந்தன. ஒரே பருவத்தில் இம்மூன்றையும் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. நியூயோர்க் அணியுடனான அந்த இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஹூஸ்டன் 86, நியூயோர்க் 84. கடைசி நொடிகள். எதிரணி வீரர் ஜோன் ஸ்டார்க்ஸ் எறியும் மூன்று புள்ளிப் பந்து கூடையில் விழுந்தால் தொடரே முடிந்துவிடும். ஹகீம் பாய்ந்து வந்து விரல் நுனியால் அதைத் தட்டிவிட்டார். ஏழாவது ஆட்டத்தில் கிண்ணம் ஹூஸ்டனுக்கு வந்தது. அடுத்த ஆண்டு, தமது பிரிவில் ஆறாவது இடத்திலிருந்து புறப்பட்டு, ஷகீல் ஓ நீல் ஆடிய ஒர்லாண்டோ அணியை 4-0 என்று வென்று கிண்ணத்தைத் தக்கவைத்தார்கள்.

தொழுததனால் கிண்ணம் கிடைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லும் மேடைப் பேச்சுகளில் எனக்கு உடன்பாடு கிடையாது. தொழுகையாளிகளும் தோற்பார்கள், தொழாதவர்களும் வெல்வார்கள். மார்க்கம் கிண்ணத்துக்குக் கொடுக்கும் விலையன்று. மாறியது அந்த மனிதரின் குணம். கைகலப்புக்காக வெளியேற்றப்பட்ட அதே ஆளை, சக வீரர்கள் நிதானத்துக்கு உதாரணமாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

1995 ஆம் ஆண்டு றமழான் பெப்ரவரி தொடக்கத்தில் வந்தது, பருவத்தின் நடுப்பகுதி. ஹகீம் நோன்பு நோற்றார். ஸஹருக்குப் பேரீத்தம்பழமும் நிறையத் தண்ணீரும். மிகைப்படுத்தாமல் சொல்வதானால், பல ஆட்டங்கள் இரவில் நடந்ததால் அதற்கு முன் நோன்பு திறந்துவிடலாம். பகலில் வரும் ஆட்டங்களே சோதனை. சக வீரர்கள் இடைவேளையில் போத்தலை வாயில் வைக்கும்போது, வியர்வை வழிய வெறுமனே அமர்ந்திருக்க வேண்டும். நோன்பினால் அவரது ஆட்டம் தளரும் என்று எண்ணியிருந்தவர்களும் உண்டு. அந்தப் பெப்ரவரியில் என்.பி.ஏ. அவரையே மாதத்தின் சிறந்த வீரராக அறிவித்தது. நோன்பு நாளில் உடல் இலேசாக இருப்பதாகவே அவர் கூறினார். பரீட்சையைக் காரணம் காட்டி நோன்பை விடும் மாணவனைப் பார்த்து இதைச் சொல்லிக் குத்திக்காட்ட வேண்டாம், பெற்றோர்களே. அவனோடு எழுந்து ஸஹர் செய்யுங்கள், அது போதும்.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. அக்காலத்தில் அமெரிக்காவில் நட்சத்திர வீரர்களின் பெயர் தாங்கிய சப்பாத்துகள் நூறு டொலருக்கும் மேல் விற்றன. அவற்றுக்காகச் சிறுவர்கள் திருடினார்கள், கொலைகூட நடந்தது. 1995 இல் ஹகீம் தமது பெயரை ஏறத்தாழ 35 டொலர் விலையுள்ள ஒரு சப்பாத்துக்குக் கொடுத்தார். மூன்று ஆண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கூலிவேலை செய்யும் ஏழைத் தாய் அந்த விலையுயர்ந்த சப்பாத்தை எப்படி வாங்குவாள் என்பதே அவரது கேள்வி. பெருநாளுக்கு இன்ன கம்பனிச் சப்பாத்துத்தான் வேண்டும் என்று உம்மாவிடம் அடம்பிடிக்கும் தம்பி, தங்கைகளே, அந்தக் கேள்வி உங்கள் வீட்டு வாசலுக்கும் வரும்.

அவர் 2002 இல் ஓய்வு பெற்றார். எதிரணியினர் எறிந்த பந்துகளில் அவர் தடுத்தவை 3,830. இக்கணக்கு பதிவுசெய்யப்படத் தொடங்கிய காலத்திலிருந்து இதை எவரும் தாண்டவில்லை. 2008 இல் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது. கோபி பிரையன்ட், லெப்ரோன் ஜேம்ஸ் போன்றோர், தாங்களே நட்சத்திரங்களாக இருந்த காலத்தில், ஹூஸ்டனுக்குச் சென்று அவரிடம் கால் அசைவுகளைக் கற்றார்கள்.

ஆடிச் சேர்த்த பணத்தை நிலத்திலும் கட்டடங்களிலும் போட்டார். வட்டி வேண்டாம் என்பதால் கடன் வாங்காமல் ரொக்கமாகவே வாங்கினார். அவ்வாறு வாங்கியவற்றில் ஹூஸ்டன் நகரின் மத்தியிலிருந்த பழைய வங்கிக் கட்டடமும் ஒன்று. 1928 இல் எழுப்பப்பட்ட, தூண்கள் நிறைந்த மாளிகை அது. பணம் எண்ணப்பட்ட அந்தப் பெரிய மண்டபத்தில் இப்போது ஸஃப்புகள் நிற்கின்றன. வெள்ளிக்கிழமை நண்பகலில், சுற்றியுள்ள அலுவலகங்களில் வேலை செய்யும் முஸ்லிம்கள் ஜும்ஆத் தொழுகைக்கு அங்கே வருகிறார்கள்.