கொத்தமல்லி பிடிக்காதவர்கள் பொய் சொல்லவில்லை

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன தடவை மொட்டை மாடியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோமே, நினைவிருக்கும். அந்தப் பந்தியில் ஒரு சின்னப் பையன் ரசத்தைத் தொடவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு” என்றான். சுற்றியிருந்த பெரியவர்கள் சிரித்தோம். “வீட்டுல செல்லம் ஜாஸ்தி” என்றார் ஒருவர். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனசு உறுத்தியது. ஏனென்றால் இதே தவறை என் வீட்டில் நாலு வருஷம் செய்தவள் நான்.

என் மருமகள் கல்யாணமாகி வந்த புதிதில் ரசத்தை வடிகட்டித்தான் ஊற்றிக்கொள்வாள். சாம்பாரில் கொத்தமல்லித் தழை தூவுவதற்கு முன்பே தனக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவாள். கேட்டால், “பூச்சி வாடை அடிக்குது அத்தை” என்பாள். நான் தழையை மூன்று தண்ணீரில் அலசிப் போடுகிறவள். என் சமையலில் பூச்சியா என்று எனக்குக் கோபம். அவள் குறை சொன்னது தழையை. நான் எடுத்துக்கொண்டது என் கைப்பக்குவத்தை. கொஞ்ச நாளில் அவள் சொல்வதையே நிறுத்திவிட்டாள். பசியில்லை என்று பாதியில் எழுந்து போவாள். அதையும் திமிர் என்றுதான் நினைத்தேன். பேரனும் தழையைத் துப்ப ஆரம்பித்தபோதுதான், பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்திய எனக்கு இதைப் படித்துப் பார்க்கத் தோன்றியது. படித்ததைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

வீட்டுக்குப் போனதும் ஒன்று செய்து பாருங்கள். மூக்கை நன்றாகப் பிடித்துக்கொண்டு நாலு மல்லி இலையை மெல்லுங்கள். ஏதோ பச்சிலை மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மென்றுகொண்டே மூக்கை விடுங்கள். அந்த நொடியில் கொத்தமல்லி வந்துவிடும். நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு மாதிரி சில சுவைகள்தான். நாம் ‘ருசி’ என்று சொல்வதில் பெரும்பங்கு, மெல்லும்போது தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. சளி பிடித்தால் சோறு சப்பென்று இருப்பது அதனால்தான். கொரோனா வந்து வாசனை போனவர்கள் இங்கே இருந்தால், நான் சொல்லாமலேயே புரியும்.

அந்த வாசனையைப் பிடிக்க நம் மூக்கில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் இருக்கின்றன. இவற்றை உண்டாக்கும் மரபணுக்களை 1991-இல் கண்டுபிடித்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் கொஞ்சம் மாறுகின்றன. ஆக, ஒரே அண்டாவிலிருந்து ரசம் ஊற்றினாலும், பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் அது ஒரே ரசமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மல்லித் தழையின் வாசனைக்கு முக்கியக் காரணம் ஆல்டிஹைடு என்ற வகைப் பொருள்கள். இதே வகைப் பொருள்கள் சோப்பிலும் இருக்கின்றன. நாவாய்ப்பூச்சி இனங்கள் தற்காப்புக்காக விடும் வாடையிலும் இருக்கின்றன. நம் பக்கத்தில் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வயலில் இறங்கியவர்களுக்கு அந்தப் பூச்சியின் வாடை நன்றாகத் தெரியும். ‘கொரியாண்டர்’ என்ற பெயரே மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. பையன் சொன்ன சோப்பும் சரி, என் மருமகள் சொன்ன பூச்சியும் சரி, இரண்டும் சரியான விவரிப்பு. கேட்டவர்களுக்குத்தான் புரியவில்லை.

2012-இல் அமெரிக்காவில் ஐரோப்பிய வம்சாவளியினர் 25 ஆயிரம் பேருக்கு மேல் வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சோப்பு வாடை தெரிகிறது என்றவர்களிடம், வாசனை ஏற்பி மரபணுக்கள் இருக்கும் ஒரு பகுதியில் சிறிய வேறுபாடு தெரிந்தது. அங்கே இருக்கும் ஓஆர்6ஏ2 என்ற மரபணுவின் ஏற்பி இந்த ஆல்டிஹைடுகளை நன்றாகப் பிடிக்கக்கூடியது. ஆனால் மரபணு சொல்வது கதையில் ஒரு சிறு பகுதிதான் என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. மீதியில் பழக்கத்துக்கும் பங்கு உண்டு.

அதே வருஷம் கனடாவின் டொராண்டோவில் இளைஞர்களிடம் கேட்டபோது, கொத்தமல்லி பிடிக்காது என்றவர்கள் கிழக்காசிய வம்சாவளியினரில் 21 சதவீதம், ஐரோப்பிய வம்சாவளியினரில் 17 சதவீதம், நம்மைப் போன்ற தெற்காசியர்களில் 7 சதவீதம். தழையை அதிகம் சேர்க்கும் ஊர்க்காரர்களிடம் வெறுப்பு குறைவு. விக்கிரவாண்டி கடைத்தெருவில் காய் வாங்கினால் கொசுறாகக் கொத்தமல்லி கேட்டு வாங்கியே வளர்ந்தவர்கள் நாம். அதனால்தான் பிடிக்காது என்ற ஒருவரைப் பார்த்தால் நமக்கு விநோதமாக இருக்கிறது. ஆனாலும் 7 என்பது பூஜ்யம் இல்லை. நம் பந்தியில் 100 பேர் உட்கார்ந்தால் இப்படி நாலைந்து பேராவது இருக்கக்கூடும். வாய் திறந்து சொன்னது அந்தப் பையன் மட்டும்தான்.

கறிவேப்பிலையைப் பாருங்கள். அதை நாம் எல்லோரும் பொறுக்கி இலை ஓரத்தில் வைக்கிறோம். யாரும் யாரையும் திட்டுவதில்லை. மல்லித் தழையோ பொடியாக நறுக்கி எல்லாவற்றிலும் கலந்துவிடுவதால் ஒதுக்கவும் முடியாது. ஒதுக்கினால் பேச்சு வேறு வாங்க வேண்டும். ‘நாற்றம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தமிழில் அது நறுமணத்துக்கும் பெயர். இன்று நாம் மூக்கைப் பொத்துவதற்குப் பெயர். ஒரு சொல்லே இப்படி இரண்டு பக்கமும் போகும்போது, ஒரு தழை போகக் கூடாதா?

எங்கள் வீட்டில் பலன் கொடுத்த மூன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, தழையை அடுப்பில் இருக்கும் பாத்திரத்தில் போடாமல், நறுக்கித் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டியவர்கள் தூவிக்கொள்ளட்டும்.

இரண்டு, ஆசைப்பட்டால் சட்னியாக முயன்று பார்க்கலாம். தழையை நசுக்கும்போது அதிலுள்ள நொதிகள் ஆல்டிஹைடுகளை மெதுவாக மாற்றி வாடையைக் குறைக்கும். அதனால் அரைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்து பரிமாறுங்கள். என் மருமகள் இப்போது அதைச் சாப்பிடுகிறாள். பேரன் இன்னும் சாப்பிடுவதில்லை. வற்புறுத்துவதும் இல்லை.

மூன்று, “தழை ஆகாதென்றால் சாம்பார் பொடி மட்டும் எப்படி இறங்குகிறது?” என்று மடக்காதீர்கள். நான் மடக்கியிருக்கிறேன். ஒரே செடிதான் என்றாலும், தனியாவின் மணத்துக்குக் காரணம் பெரும்பாலும் லினலூல் என்ற வேறு பொருள்.

அடுத்த பந்திக்குச் சமையல் பொறுப்பு எடுப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு பாத்திரம் ரசம் தழை போடாமல் வையுங்கள். அந்தப் பையனுக்கு முதல் கரண்டி நானே ஊற்றுகிறேன். சிரித்ததற்கு அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவும் வேண்டியிருக்கிறது.