மேற்பார்வை யார் கையில்?

(காந்தலில் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்து எடுப்பவருக்குச் செக்ரோல் என்றால் என்னவென்று தெரியும். ஒரே ஆளின் பெயரை ஒரே நாளில் பதினொரு தோட்டத்துச் செக்ரோலில் எழுதினால் என்ன சொல்வீர்கள்? மோசடி என்பீர்கள். அந்த மோசடிதான் பொறியியல் கல்லூரிகளில் நடந்திருக்கிறது.

2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் இதை அம்பலப்படுத்தியது. அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளில் 353 ஆசிரியர்கள், ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தனர். ஒருவர் பெயர் மட்டும் 11 கல்லூரிகளில்! சுமார் 2,000 இடங்களை 189 பேரின் பெயர்களே நிரப்பியிருப்பதாக அன்றைய துணைவேந்தரே ஒப்புக்கொண்டார்.

நகையை அடகு வைத்து, கடன் வாங்கி நாம் கட்டிய பணம் எங்கே போயிற்று? வராத வாத்தியார் பெயரில் முதலாளியின் பைக்குப் போயிற்று. நம் பிள்ளைக்குக் கிடைத்தது பாடமில்லாத பட்டம்.

சர்க்கார் மேற்பார்வை இல்லையா? இருந்தது. ஆண்டுதோறும் ஆய்வுக் குழு போகிறது. ஆனால் காகிதத்தைப் பார்த்தார்கள், வகுப்பறையைப் பார்க்கவில்லை. பாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருப்பதை நாம் அறியமாட்டோமா? தேசிய அளவில் தரச் சான்று வழங்கும் நாக் அமைப்பின் கதையும் இதுதான். ஆந்திரத்துக் கல்வி நிறுவனம் ஒன்றுக்கு உயர்ந்த தரம் கொடுக்க ரொக்கமும் தங்கமும் லஞ்சம் வாங்கியதாக, அதன் ஆய்வுக் குழுத் தலைவர் உள்ளிட்டோரை 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கைது செய்தது.

ஆகவே மேற்பார்வையே வேண்டாம், கல்லூரிகளைச் சுதந்திரமாக விடுங்கள் என்று சிலர் வாதாடுகிறார்கள். யாருக்குச் சுதந்திரம்? வேலியில் ஓட்டை விழுந்தால் அடைப்போம். வேலியையே பிடுங்கிவிட்டால் காரட் தோட்டம் காட்டெருமைக்குத்தான்!

சர்க்காரையும் கேட்கிறோம். ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-ல் தொடங்கியது. இம்மலையின் ஏழைப் பிள்ளைகளுக்கு அத்தகைய கல்லூரிகளே கதி. ஆனால் தமிழகத்து அரசு கலைக் கல்லூரிகளில் நிரந்தர இடங்களை நிரப்பாமல், கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே காலம் தள்ளுகிறார்கள். தன் வகுப்பறையைக் காலியாக வைத்தவர் அடுத்தவரை எப்படிக் கண்டிப்பார்?

நாம் கோருவது இது: முன்னறிவிப்பில்லாத சோதனை வேண்டும். ஆய்வுக் குழுவில் மாணவர், ஆசிரியர் பிரதிநிதிகள் வேண்டும். ஆசிரியர் பட்டியலைக் கல்லூரி வாசலில் தமிழில் ஒட்ட வேண்டும். பொய்க் கணக்கு எழுதிய நிர்வாகத்தைத் தண்டிக்க வேண்டும். அரசுக் கல்லூரிகளின் காலியிடங்களை நிரப்ப வேண்டும்.

தோழர்களே! பீஸ் ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். “பாடம் எடுப்பவர் யார்? நேற்று வந்தாரா?” என்று கேளுங்கள். தனியாகக் கேட்டால் விரட்டுவார்கள்; சங்கமாகப் போய்க் கேட்போம்!