கந்தையும் காந்தாவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மேடையேறிப் பேசும் பழக்கம் எமக்கு இல்லை. பத்தாம் வகுப்போடு ஏட்டுக் கல்வியை முடித்துக்கொண்டு, 22 ஆண்டுகளாக இக்கரக்பூரில் ரயில்வே எழுத்தராகப் பணிபுரிந்து வருகின்றோம். படிவங்களை நிரப்புவதும், நிரப்பியவற்றை உரிய கோப்பில் சேர்ப்பதுமே யாம் அறிந்த கலை. ஆயினும், இம்மேடையின் பின்னே தொங்கும் திரைச்சீலையைப் பற்றிச் சில சொற்கள் கூறவேண்டுமென்று மாதர் பகுதியினர் எம்மைப் பணித்தனர். தைத்தவர்கள் அவர்கள். வீடு வீடாகச் சென்று துணி மூட்டை சுமந்தது மட்டுமே எம் பங்கு. சுமந்தவனையே பேசவும் சொல்லிவிட்டார்கள்.

இத்திரை 8 அடி அகலமும் 6 அடி உயரமும் உடையது. நம் காலனியின் 41 வீட்டாரும் வீட்டுக்கு ஒரு பழந்துணி கொடுத்தனர். மதுரைச் சுங்குடி உண்டு. நைந்துபோன காஞ்சிப் பட்டின் முந்தானை உண்டு. பணி ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவரின் நீலச் சட்டைக் கை உண்டு. பள்ளிப் பாவாடை உண்டு. நாலு முழ வேட்டியின் கரையும் உண்டு. கடையில் வாங்கியவை ஊசியும் ஒரு கண்டு வெள்ளை நூலுமே.

இதற்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. “ஆண்டு விழா மேடையிலா கந்தலைத் தொங்கவிடுவது? வெளியார் பார்த்தால் தமிழர் வீட்டில் துணிக்குப் பஞ்சம் என்று எண்ணமாட்டார்களா?” என்று செயற்குழுவில் ஒரு பெரியவர் வினவினார். அவர் இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் அனுமதி பெற்றே இதனைச் சொல்கின்றோம். அவர் கேட்டதில் பிழையில்லை. பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் காலத்தில் பணிமனை வேலைக்கென்று தெற்கிலிருந்து இங்கு வந்திறங்கிய நம் முன்னோர்க்கு, சலவை வேட்டியும் வெளுத்த சட்டையுமே அயலூரில் மானம் காக்கும் கவசமாயிருந்தன. கந்தலை மறைத்து வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதனைக் கொண்டுவந்து மேடையில் கட்டுவதென்றால் நெஞ்சு சற்றுத் துணுக்குறத்தானே செய்யும்?

ஆனால், நாம் வாழவந்த இந்த வங்க மண்ணில் கந்தலுக்கு வேறொரு மரியாதை உண்டு. ‘கந்தா’ என்னும் வடசொல் ஒட்டுப்போட்டுத் தைத்த துணியைக் குறிக்கும். நம்முடைய ‘கந்தை’யும் வங்காளியரின் ‘காந்தா’வும் அச்சொல்லுக்கு உறவினவே. நம் நாவில் அச்சொல் வறுமையைச் சுட்டுவதோடு நின்றுவிட்டது. இவர்களிடத்திலோ அது ஒரு கலையின் பெயராயிற்று.

காந்தா தைக்கும் முறையை எம் இல்லத்தார்க்குக் கற்பித்தவர் அடுத்த குவார்ட்டர்ஸில் வாழும் ஒரு மூதாட்டியார். வங்காளியர் தாயின் உடன்பிறந்தாளை ‘மாசி’ என்பர். அம்முறையில் நம் காலனிப் பிள்ளைகள் அனைவர்க்கும் அவர் மாசிமாவே. உடுத்து உடுத்து மெலிந்த பருத்திப் புடவைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கமின்றிக் கையால் நீவி, ஓரங்களை நகராமல் பிணைத்துக்கொள்வர். பிறகு ஊசி மேலும் கீழுமாய்ப் புகுந்து வருகின்ற எளிய ஓடுதையல்தான். பள்ளிச் சிறுமியும் ஒரு நாழிகையில் கற்றுக்கொள்வாள். வண்ண நூலுக்கும் கடைக்குப் போவதில்லை. பழம்புடவையின் கரையிலிருந்தே சிவப்பும் நீலமும் கறுப்புமாய் இழைகளை உருவி எடுப்பர். நடுவே தாமரை, நான்கு மூலைகளிலும் மரமோ மாங்காய் வடிவமோ, இடைவெளியில் மீன், யானை, பல்லக்கு, பாக்குவெட்டி என்று வீட்டிலும் வீதியிலும் கண்டவையெல்லாம் வந்து அமரும். தையல் நெருங்க நெருங்கத் துணி குளத்து நீர்போல் சிற்றலை எழுப்பும். அந்த அலையைக் கொண்டே கைவேலையை அடையாளம் காணலாம். குளிருக்குப் போர்த்துவது ‘லேப்’. புத்தகங்களைச் சுற்றி வைப்பது ‘பைத்தன்’. கண்ணாடியையும் சீப்பையும் பொதிந்து வைப்பது ‘ஆர்ஷிலதா’. பிறந்த குழந்தைக்கும் காந்தாவே முதல் விரிப்பு.

“புதுத் துணியில் தைக்கக் கூடாதா?” என்று எம் துணைவியார் கேட்டதற்கு மாசிமா சிரித்துவிட்டு, “புதுத் துணி ஊசியோடு சண்டையிடும், அம்மா! கிழியும் பருவத்துப் புடவைதான் சொன்னபடி கேட்கும்” என்றார்.

குருசதய தத்தர் (1882–1941) என்பார் ஐ.சி.எஸ். அதிகாரி. வங்க மாவட்டங்களில் பணியாற்றியபோது, பலரும் கலையென்று மதியாத காலத்திலேயே, கிராமத்து வீடுகளிலிருந்து காந்தாக்களையும் பொம்மைகளையும் படச்சுருள்களையும் தேடிச் சேர்த்தார். அச்சேகரிப்பு கொல்கத்தாவின் தெற்கே ஜோக்காவில் அவர் பெயர் தாங்கிய அருங்காட்சியகத்தில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையொன்றில் குடும்பத்தோடு சென்று பார்த்தோம். அவற்றுள் மானதாசுந்தரி என்னும் பெண்மணி தைத்த காந்தா பெரும்புகழ் வாய்ந்தது. தம் தந்தைக்கென்று தம் கையாலேயே தைத்ததனை நூலெழுத்தாகவே அதில் பொறித்திருக்கிறார். பெயர் தெரியாத ஆயிரமாயிரம் பெண்களின் கைவேலைக்கு நடுவே இவ்வொருவர் பெயர் நின்றுவிட்டது. ஜசீமுத்தீன் என்னும் கவிஞர் 1929இல் வெளியிட்ட ‘நக்ஷி காந்தார் மாட்’ என்னும் கதைப்பாட்டின் நாயகியும், பிரிந்துபோன கணவனை எண்ணித் தன் வாழ்க்கைக் கதையைக் காந்தாவில் தைத்து முடிக்கிறாள். அதனைத் தன் கல்லறைமேல் விரிக்கச் சொல்லி இறக்கிறாள்.

இனி எம் குற்றமொன்றை இச்சபையில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எம் அன்னையார் 2016இல் இக்காலனியிலேயே காலமானார். அவர் தகரப்பெட்டியில் எட்டு நூல்புடவைகள் இருந்தன. அவர் மறைந்து ஓராண்டு கழிந்தபின், எம் துணைவியார் ஊருக்குச் சென்றிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் கூவிவந்த பாத்திரக்காரரிடம் அந்த எட்டையும் போட்டு, மூடியுடன் கூடிய எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கினோம். பேரம் பேசி ஒரு கரண்டியும் கூடப் பெற்றோம். இலாபமான வியாபாரம் என்றே அன்று கருதினோம். துணைவியார் திரும்பி வந்தார், டிரம்மைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார், ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் அந்த டிரம்மில் இன்றுவரை ஒரு பிடி அரிசியும் விழுந்ததில்லை. பழைய செய்தித்தாள்தான் கிடந்தது.

பெட்டியில் இல்லாத காரணத்தால் ஒன்பதாவது புடவையொன்று தப்பியது. எம் மக்கள் இருவர்க்கும் தூளி கட்டிய புடவை அது. முடிச்சு விழுந்த இடம் இன்னும் சுருங்கியே இருக்கும். வீட்டுக்கு ஒரு துணி என்று சங்கம் கேட்டபோது, எம் வீட்டில் பேச்சே எழவில்லை. பரணிலிருந்து அதனை எடுத்துவந்து வைத்தார் துணைவியார். “ஆனால் இதன்மேல் கத்தரிக்கோல் படக்கூடாது” என்றார். மற்றைத் துணிகளோ சாண் அகலக் கட்டங்களாக வெட்டப்பட வேண்டியவை. என்ன செய்வதென்று மாதர் பகுதியினர் இரண்டு வாரம் ஆலோசித்தனர்.

அதற்கிடையில் எம்மால் ஒரு விபத்தும் நேர்ந்தது. முதல் வரிசை தைத்து முடிந்ததும், கைப்பட்ட அழுக்குப் போகட்டும் என்ற ஆர்வத்தால், எவரையும் கேளாமல் அதனை ஒரு வாளி வெந்நீரில் ஊறப்போட்டோம். சுங்குடியின் சிவப்புச் சாயம் இறங்கி, பக்கத்திலிருந்த வெள்ளை வேட்டித் துண்டெல்லாம் திட்டுத் திட்டாய்ச் சிவந்தது. மூன்று வார உழைப்பு! பழந்துணியேயானாலும், தைக்குமுன் ஒவ்வொன்றையும் தனித்தனியே நீரில் ஊறவைத்து, ஈரத்தோடு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்த்துச் சாயம் போகிறதா என்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதனை அன்று கற்றோம். அவ்வரிசையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றோம். பெண்கள் இசையவில்லை. திட்டுகளைச் சுற்றியே புள்ளி வைத்து, ஓடுதையலால் சிக்குக் கோலம் போட்டுவிட்டனர். அதோ, மேல்வரிசையில் வலப்புறம் காணலாம். வங்கத்துத் தையலில் நம் வாசற்கோலம் புகுந்தது இவ்வாறுதான், திட்டமிட்டு அன்று.

திரையின் ஓரத்தில் தொங்கும் வில்லைகளை மரமென்று பலர் எண்ணியிருப்பீர்கள். அவை காகிதம். அந்த எவர்சில்வர் டிரம்மில் கிடந்த செய்தித்தாளும், பிள்ளைகளின் எழுதித் தீர்ந்த நோட்டுகளும், வீடுகளில் கிடந்த பழைய ரயில் கால அட்டவணைகளுமே அவை. (அலுவலகத் தாள் ஒன்றேனும் எடுக்கப்படவில்லை. அவை விதிப்படி கழிவாக விற்கப்பட வேண்டியவை என்பதனை எழுத்தன் என்ற முறையில் தெரிவித்துக்கொள்கின்றோம்.) நம் பாட்டிமார் காகிதக் கூழில் கூடையும் தட்டும் செய்த முறைதான் இது. தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, பிழிந்து, ஊறிய வெந்தயத்தோடு உரலிலிட்டு இடித்தால் மாவுபோல் திரளும். வெந்தயத்தின் வழவழப்பு கூழைப் பிணைக்கிறது. கசப்புக்குப் பூச்சியும் அண்டாது என்பர். கிண்ணத்தின் புறத்தே அப்பி வெயிலில் காயவைத்தால் கழன்று வரும். யாம் ஆடி மாதத்து மழையில் செய்யத் தொடங்கி, முதல் ஈடு முழுவதும் பூஞ்சை பூத்துக் குப்பைக்குப் போயிற்று. இவ்வேலைக்கு வங்கத்தில் கார்த்திகைக்குமேல்தான் வெயில் வாய்க்கிறது. காய்ந்த வில்லைமேல் மெல்லிய துணியை மைதாப் பசையால் ஒட்டி, துளையிட்டுக் கோத்திருக்கிறார்கள்.

துணியும் தாளும் வேறு வேறு இனம் என்று எண்ணிவிடலாகாது. இராஜஸ்தானத்துச் சாங்கானேரில் காகஸி என்னும் மரபினர் தலைமுறை தலைமுறையாகப் பருத்திக் கந்தலை அரைத்தே தாள் செய்து வருகின்றனர். நம் திருப்பூர்ப் பனியன் ஆலைகளில் வெட்டிக் கழித்த துண்டுகளும் கைத்தாள் செய்வதற்குப் போகின்றன. தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா, 1934இல் வார்தாவில் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியபோது, கைத்தாள் செய்தலையும் புதுப்பித்த தொழில்களுள் ஒன்றாக வைத்தார். இங்குள்ளோர் சட்டைப் பையில் இருக்கும் ரூபாய்த் தாளும் பருத்தியே. கந்தலை மேடையில் கட்டக் கூசும் நாம், அதன் உடன்பிறப்பை மடித்துப் பூட்டி வைக்கின்றோம்! பெரியவர் இதைக் கேட்டுத்தான் சிரித்து இணங்கினார்.

இன்று கொல்கத்தாக் கடைகளில் ‘காந்தா’ என்று கேட்டால் புதிய டஸர் பட்டில் பூவேலை செய்த புடவையை எடுத்துப் போடுவார்கள். வீர்பூம் மாவட்டத்துப் பெண்கள் பலர்க்கு அவ்வேலை சோறு போடுகிறது. அதனைக் குறைகூற எமக்கு நா எழாது. ஆயினும் ஒற்றைத் துணியில், அச்சிட்ட கோட்டின்மேல், கடை நூலால் இடும் தையலை மாசிமா காந்தா என்று ஒப்புவதில்லை. “உள்ளே யாருடைய புடவை இருக்கிறது?” என்று கேட்பார். விடையில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அவ்வினாவே எங்கள் சிக்கலுக்கும் விடை தந்தது. தூளிப் புடவையை வெட்ட வேண்டாம். முழுமையாக விரித்து, எல்லாவற்றிற்கும் அடித்துணியாக வைத்துவிடலாம் என்று மாசிமாதான் சொன்னார். அகலம் போதாத இடத்தில் தம் வெள்ளைப் புடவையொன்றை அவரே கொண்டுவந்து சேர்த்தார். மற்ற வீட்டாரின் துணிகளெல்லாம் அவ்விரண்டின்மேல்தான் தைக்கப்பட்டிருக்கின்றன. முன்புறத்திலிருந்து பார்ப்போர்க்கு அவை தெரியமாட்டா. விழா முடிந்து திரையை இறக்கும்போது விரும்புவோர் பின்பக்கம் வந்து பார்க்கலாம். இடது கீழ்மூலையில் தூளி முடிச்சின் சுருக்கம் இருக்கிறது. எவ்வளவு நீவியும் அது போகவில்லை.

வருகின்ற ஞாயிறு மாலை 4 மணிக்குச் சங்கக் கூடத்தில் மாதர் பகுதியினர் அடுத்த வேலையைத் தொடங்குகின்றனர். இம்முறை போர்வை, மார்கழிக்குள் முடிக்க வேண்டும். பழம்புடவையும் ஒரு நீண்ட ஊசியும் கொண்டு வருக. சாயம் போகுமா என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு வருக. வெந்நீர் வாளியின் பக்கம் எம்மை விடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறார்கள்.