தீர்ந்தது அரிசியல்ல, நிதானம்



"நம் சமையலறையில் அரசியலுக்கு என்ன வேலை?" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். சிலர் சொல்வார்கள், "எங்களுக்கு அரசியலெல்லாம் வேண்டாம், சமைத்தோமா சாப்பிட்டோமா என்று இருந்துவிடுகிறோம்" என்று. அப்படி இருக்க முடியாது. உங்கள் வீட்டு அரிசி டின்னுக்குள்ளேயே அரசியல் இருக்கிறது. இன்று அந்த டின்னின் மூடியைத் திறந்து பார்ப்போம்.

2023ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் தேதி இந்திய அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யத் தடை. உள்நாட்டில் விலை ஏறுகிறது, மழை ஒரு பக்கம் கொட்டுகிறது, இன்னொரு பக்கம் பொய்க்கிறது, அதனால் எங்கள் மக்களுக்கு முதலில் வேண்டும் என்றார்கள். உலகச் சந்தைக்கு வரும் அரிசியில் ஏறக்குறைய 40 விழுக்காடு இந்தியாவிலிருந்து போவது. 2022ல் சிங்கப்பூர் இறக்குமதி செய்த அரிசியிலும் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 40 விழுக்காடுதான். எனவே கவலைப்படக் காரணம் இருந்தது. நான் மறுக்கவில்லை.

ஆனால் நாம் கவலைப்பட்டதோடு நிற்கவில்லையே! அமெரிக்காவில் இந்தியக் கடைகளில் மூட்டைகளுக்கு முண்டியடித்த காணொளிகள் நம் கைத்தொலைபேசிக்கு வந்தன. வந்த கையோடு அதை இன்னும் பத்துப் பேருக்கு அனுப்பினோம். அனுப்பிவிட்டுத் தேக்காவுக்குக் கிளம்பினோம்.

அந்த வாரம் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கடையில் ஓர் அம்மையார் ஐந்து கிலோ பைகள் நான்கைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். நான்கும் புழுங்கல் அரிசி. "அக்கா, தடை பச்சரிசிக்குத்தானே? புழுங்கலுக்கு இல்லையே" என்றேன். "இன்னிக்கு இல்ல தம்பி, நாளைக்கு வந்துட்டா?" என்று கேட்டுவிட்டு ஐந்தாவது பையைத் தேட ஆரம்பித்தார்.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அந்த அறிவிப்பில் பாஸ்மதிக்குத் தடை இல்லை. புழுங்கல் அரிசிக்கும் தடை இல்லை. அதாவது உங்கள் பிரியாணிக்கு ஆபத்தில்லை, இட்லிக்கும் ஆபத்தில்லை. செய்தியை முழுதாகப் படித்தவருக்கு இது தெரியும். தலைப்பை மட்டும் படித்தவருக்குத் தள்ளுவண்டிதான் தெரியும்.

அந்த அக்கா சொன்னதில் நியாயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆகஸ்ட் 25ஆம் தேதி புழுங்கல் அரிசி ஏற்றுமதிக்கு 20 விழுக்காடு வரி விதித்தார்கள். விலை ஏறும் வழிதான் அது. ஆனால் விலை கொஞ்சம் ஏறுவது வேறு, அரிசியே இல்லாமல் போவது வேறு. முதலாவதற்குச் சிக்கனம் மருந்து. இரண்டாவது வரும் என்று பயந்து நான்கு பை வாங்குகிறோமே, அந்தப் பயமே அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

எப்படி என்கிறீர்களா? ஒரு கடையில் நூறு பை இருக்கிறது, வாரத்துக்கு ஐம்பது பேர் ஆளுக்கு ஒன்று வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாரத்துக்கு அரிசி இருக்கிறது. அதே ஐம்பது பேர் ஆளுக்கு நான்கு பை கேட்டால்? முதல் இருபத்தைந்து பேரிலேயே நூறும் முடிந்தது. இந்தியாவிலிருந்து கப்பல் நிற்கவில்லை. வயலில் விளைச்சல் குறையவில்லை. ஆனாலும் இருபத்தாறாவது ஆள் வந்து நிற்கும்போது அடுக்கு காலி.

அந்த இருபத்தாறாவது ஆள் யார்? அதுதான் என் கேள்வி. கார் வைத்திருப்பவர், வீட்டில் தனியாக ஒரு சாமான் அறை வைத்திருப்பவர் முதல் வரிசையில் வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் விடுப்பு கிடைத்து, பேருந்தில் தேக்காவுக்கு வந்து, அறைத் தோழர்களோடு காசு பங்கு போட்டு ஐந்து கிலோ வாங்கிப் போகும் கட்டுமானத் தொழிலாளி கடைசி வரிசையில் இருப்பார். ஓரறை வாடகை வீட்டில் தனியாக இருக்கும் முதியவர் இரண்டு கிலோதான் தூக்க முடியும், இரண்டு கிலோதான் வாங்குவார். நாம் பதுக்கும் மூன்று கூடுதல் பைகள் இவர்களுடைய தட்டிலிருந்து எடுத்தவை. நாம் சாப்பிடப்போவதும் இல்லை. ஆறு மாதம் கழித்து வண்டு வந்ததும் வெயிலில் காயவைக்க இடம் தேடுவோம். அடுக்குமாடி வீட்டில் வெயிலுக்கு எங்கே போவது?

"எச்சரிக்கையாக இருப்பது தப்பா?" என்று கேட்பீர்கள். தப்பில்லை. அதை அரசாங்கம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. சிங்கப்பூரில் அரிசி கையிருப்புத் திட்டம் என்று ஒன்று உண்டு. அரிசி இறக்குமதி செய்பவர்கள் தங்களுடைய இரண்டு மாத இறக்குமதிக்கு ஈடான அரிசியைக் கிடங்கில் எப்போதும் வைத்திருக்க வேண்டும். நெருக்கடி வந்தால் அதை எடுத்துக்கொள்ளும் உரிமை அரசாங்கத்துக்கு இருக்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து இங்கே அரிசி வருகிறது. இவ்வளவு இருக்கும்போது என் கட்டிலுக்கு அடியிலும் ஒரு கிடங்கு எதற்கு?

இது நம் இனத்துக்கு மட்டும் உள்ள வியாதி என்று யாரும் சிரிக்க வேண்டாம். 2020 பிப்ரவரி 7ஆம் தேதி கிருமித்தொற்று எச்சரிக்கை நிலை ஆரஞ்சு நிறத்துக்கு உயர்ந்த அன்று மாலையே பேரங்காடிகளில் அரிசி, நூடல்ஸ், கழிவறைத் தாள் எல்லாம் பறந்தன. அன்று எல்லா இனத்தாரும் ஒற்றுமையாகத்தான் வரிசையில் நின்றோம்!

உலக அளவிலும் இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2007 அக்டோபரில் இந்தியா அரிசி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. வியட்னாமும் கையை இறுக்கியது. பிலிப்பீன்ஸ் பயந்துபோய் எந்த விலைக்கும் வாங்கத் தயாரானது. 2008 தொடக்கத்தில் டன்னுக்கு 400 அமெரிக்க டாலர் அளவில் இருந்த தாய்லாந்து அரிசி, சில மாதங்களில் 1,000 டாலரைத் தாண்டியது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு உலகத்தின் நெல் விளைச்சலில் பெரிய வீழ்ச்சி எதுவும் இல்லை. பயம்தான் விலையை ஏற்றியது. இறக்கியது எது தெரியுமா? ஜப்பான் தன் கிடங்கில் இருக்கும் இறக்குமதி அரிசியைப் பிலிப்பீன்ஸுக்குக் கொடுக்கலாம் என்ற பேச்சு வந்தது. அந்த அரிசி பெரிய அளவில் கப்பல் ஏறுவதற்கு முன்பே விலை சரியத் தொடங்கிவிட்டது. நாடுகளே இப்படித் தள்ளுவண்டியோடு ஓடினால் நம் அக்காவை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

சரி, டெல்லிக்கு வருவோம். "நம்ம நாடு நமக்கே அரிசி கொடுக்க மாட்டேங்குதே" என்று அப்போது ஒருவர் மிகவும் வருத்தப்பட்டார். அவர் இங்கே பிறந்தவர், சிவப்புக் கடப்பிதழ்காரர், தேசியச் சேவை செய்தவர். அரிசி என்றதும் நாடு மாறிவிட்டது! இந்தியாவில் 2024ல் பொதுத்தேர்தல் வரவிருந்தது. அரிசி விலை ஏறினால் எந்த ஆளுங்கட்சிக்கும் தூக்கம் வராது. அவர்கள் தங்கள் வாக்காளர்களைப் பார்த்தார்கள். நாம் டெல்லிக்கு வாக்காளர்கள் இல்லை, வாடிக்கையாளர்கள். அந்தத் தடையால் நல்ல வெளிச்சந்தை விலையை இழந்த இந்திய விவசாயிக்குத்தான் கோபப்பட அதிக உரிமை உண்டு.

இத்தனைக்கும் சிங்கப்பூரை அவர்கள் மறந்துவிடவில்லை. ஆகஸ்ட் மாத இறுதியில், இரு நாட்டுக்கும் உள்ள சிறப்பு உறவைச் சொல்லி, நமக்கு விலக்கு அளித்து 50,000 டன் அனுப்ப அனுமதித்தார்கள். மகிழ்ச்சி. ஆனால் ஒவ்வொரு முறையும் விலக்குக் கிடைக்கும் என்று உலை வைக்க முடியாது. அந்தத் தடை விலக 2024 செப்டம்பர் 28 வரை ஆனது. இடையில், 2023 டிசம்பரில் வெங்காயத்துக்கும் ஒரு தடை வந்தது. 2022 ஜூன் 1ஆம் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது நினைவிருக்கிறதா? கோழிச் சோறு இல்லாவிட்டால் சிங்கப்பூரே இல்லை என்பதுபோல் பேசினோம். உறைய வைத்த கோழி வந்தது. அந்த மாதமே இந்தோனேசியாவும் கோழி அனுப்ப அனுமதி பெற்றது. கோழிச் சோறும் பிழைத்துக்கொண்டது, சிங்கப்பூரும் பிழைத்துக்கொண்டது.

"கோழி எங்கிருந்து வந்தாலும் கோழி. அரிசி அப்படியா? பொன்னி இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது" என்பார் வீட்டுக்கு ஒருவர். அவருக்காகவே ஒரு செய்தி வைத்திருக்கிறேன். பொன்னி என்பது காவிரியின் இன்னொரு பெயர். ஆகவே சோழர் காலத்திலிருந்து வரும் நெல் என்றே பலரும் நினைக்கிறார்கள். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1986ல் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியின் பெற்றோர் யார் தெரியுமா? ஒன்று தைவான் நெல், தைச்சுங் 65. இன்னொன்று மலாயா நெல், மாயாங் எபோஸ் 80. 1950களில் ஒடிசாவின் கட்டாக்கில் ஆசிய நாடுகளுக்காக நடந்த கலப்பின ஆய்வில் இந்த இரண்டையும் சேர்த்தார்கள். அதன் விதை மலாயாவுக்கு வந்தது. அங்கே தேர்ந்தெடுத்து 1965ல் வெளியிட்ட நெல்லுக்கு மசூரி என்று பெயர். லங்காவித் தீவுக் கதையில் வரும் அதே மசூரியின் பெயர். அந்த வழியில் வந்ததுதான் நம் பொன்னி.

ஆக, நம் பொன்னியின் தாய்வீடு நமக்குப் பக்கத்தில், கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம்! தைவானும் மலாயாவும் கலந்து, ஒடிசாவில் உருவாகி, காவிரிக் கரையில் பேர் எடுத்து, தேக்காவில் மூட்டையாக வந்து இறங்குகிறது. இப்படிப் பல ஊர் சுற்றி வந்த அரிசியைத் தின்றுகொண்டே, வேறு ஊர் அரிசி ஒத்துக்கொள்ளாது என்று சொன்னால், அந்த அரிசியே நம்மைப் பார்த்துச் சிரிக்காதா?

நம் தாத்தா பாட்டிகள் இந்த வீராப்பெல்லாம் பேசவில்லை. போருக்கு முன் மலாயாத் தோட்டங்களில் நம்மவர்கள் பர்மாவின் அரிசியைச் சாப்பிட்டவர்கள். 1942ல் ஜப்பான்காரன் வந்ததும் அந்த வரத்து அறுந்தது. அரிசிக்குப் பங்கீடு வந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். உண்மையான தட்டுப்பாடு என்றால் அது. சாப்பாட்டில் ஒரு பருக்கை வைத்தாலும் அவர்கள் ஏன் திட்டினார்கள் என்பது அதை நினைத்தால் புரியும்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வாடகையும் ஆள் சம்பளமும் எனக்குத் தெரியும். அடுத்த சரக்கு கூடுதல் விலைக்கு வந்தால் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் போன மாதமே பழைய விலைக்கு வந்து கிடக்கும் மூட்டைமீது, செய்தி வந்த மறுநாளே புதுச் சீட்டு ஒட்டுவது வியாபாரமாகாது. நல்ல கடைக்காரர் "ஒருவருக்கு இரண்டு பை" என்று எழுதி வைப்பார். அப்படி எழுதி வைத்த கடையை வாடிக்கையாளர் பத்து வருடம் மறக்க மாட்டார்.

நாம் செய்ய வேண்டியது மூன்றே காரியம். செய்தியைத் தலைப்போடு நிறுத்தாமல் கடைசி வரி வரை படியுங்கள். படிக்காததை யாருக்கும் அனுப்பாதீர்கள். ஒரு மாதத்துக்குத் தேவையானதை வாங்குங்கள். மாதத்தில் சில நாளாவது தாய்லாந்து அரிசியோ வியட்னாம் அரிசியோ கேழ்வரகோ உங்கள் பிள்ளைகளின் நாக்குக்குப் பழக்கப்படுத்துங்கள். இந்த ஊரில் இந்தியர்களிடம் நீரிழிவு அதிகம்; சோற்றின் அளவைக் கொஞ்சம் குறைத்தாலும் நஷ்டமில்லை.

பல நாடுகளிலிருந்து வாங்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அறிவுரை சொல்வது எளிது. அரசாங்கம் முப்பது நாட்டுக்குக் கதவைத் திறந்து வைத்தாலும், நாம் ஒரே மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுதால் அந்தக் கதவால் என்ன பயன்? அடுத்த முறை டெல்லியிலிருந்தோ வேறெங்கிருந்தோ ஓர் அறிவிப்பு வரும். வராமல் இருக்காது. அன்று கடைக்குப் போகும்போது, உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர் யார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அதற்குப் பிறகு கை தானாக ஒரு பையோடு நின்றுவிடும்.