தபால்தலையும் 22 நாடுகளும்
(பொன்விழாக் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நாடுகளின் ஒற்றுமையைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் கேட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபையைப் பற்றித்தான் பேசப் போகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் நம் தபால்காரரிடமிருந்து தொடங்குகிறேன். கடல் கடந்து பிழைக்கப் போன மகனின் கடிதத்தை என்னிடம் நீட்டி, "வாசியுங்க சாமி" என்று நின்ற தாய்மார்கள் இங்கே இருக்கிறீர்கள். அதில் ஒட்டியிருந்ததோ வேற்று நாட்டுத் தபால்தலை. அந்தப் பணத்தை வாங்காத நம் தபால் இலாகா அதை ஏன் உங்கள் வாசல்வரை கொண்டுவந்தது?

ஒரு காலத்தில் ஒவ்வொரு நாடும் மற்ற நாடுகளோடு தனித்தனியே ஒப்பந்தம் செய்திருந்தது. கடிதம் கடந்து போகும் நாடுகளெல்லாம் கூலி கேட்டன. போகும் வழியைப் பொறுத்துக் கட்டணம் மாறும். ஏழைக்கு அது எட்டாத செலவு.

1863-ல் 15 நாடுகள் பாரிசில் கூடிப் பேசின. பொது ஒப்பந்தம் பிறக்கவில்லை. 1868-ல் ஹைன்ரிக் வான் ஸ்டெஃபான் என்ற ஜெர்மானிய அதிகாரி ஒரு திட்டம் வரைந்தார். 1870-ல் ஜெர்மனியும் பிரான்சும் போரில் இறங்கவே, திட்டம் கிடப்பில் விழுந்தது. கடைசியில் 1874 அக்டோபர் 9-ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 22 நாடுகளின் ஒப்பந்தம் உருவாயிற்று. பிரான்சு மட்டும் உடனே கையொப்பமிடவில்லை. தன் வழியே போகும் கடிதங்களின் வருமானம் போய்விடுமே என்ற கவலை! மறு ஆண்டு அதுவும் இணைந்தது. 1876-ல் இந்தியாவையும் சேர்த்தார்கள். அடிமை நாடான நம்மைக் கேட்டா சேர்த்தார்கள்? ஆனாலும் நன்மை நமக்கும் கிடைத்தது.

தபால்தலை விற்ற பணம் விற்ற நாட்டுக்கே என்பது அன்றைய ஏற்பாடு. ஒருவர் எழுதினால் மற்றவர் பதில் எழுதுவார். செலவு சரிக்குச் சரியாகிவிடும் என்று நம்பினார்கள். மொய் செய்வது போலத்தான், ஆனால் நோட்டில் எழுதாத மொய்!

முதல் உலகப் போரிலும் போர்க் கைதிகளின் கடிதங்கள் கட்டணமின்றிப் போயின. நடுநிலை வகித்த சுவிட்சர்லாந்தின் தபால் ஊழியர்கள் அவற்றைக் கோடிக்கணக்கில் இரு தரப்புக்கும் அனுப்பிவைத்தார்கள். மகன் உயிரோடிருக்கிறான் என்று எத்தனை தாய்மார்கள் அப்படித்தான் அறிந்திருப்பார்கள்!

மொய்க் கணக்கில் பிணக்கு வராமலில்லை. அனுப்புவதைவிட அதிகம் பெறும் நாடுகளுக்கு ஈடு தர 1969-ல் டோக்கியோவில் முடிவாயிற்று. பின்னர், சீனப் பொட்டலங்களைக் குறைந்த கூலிக்குத் தான் சுமக்க வேண்டியிருக்கிறது என்று குறைகூறி, 2018-ல் அமெரிக்கா விலகல் அறிவிப்புக் கொடுத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜெனீவாவில் கூடிப் பேசிக் கட்டண முறையை மாற்றினார்கள். அமெரிக்கா விலகவில்லை. அந்த அஞ்சல் ஒன்றியத்தில் இப்போது 192 நாடுகள் இருக்கின்றன.