யாரைக் கேட்டுச் சொல்லணும்?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, வட்டி, தவணை பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு 'பெண்ணும் சுதந்திரமும்'. தலைப்பு பெரிசு. நான் ஒரே ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்லி, அதிலிருந்து நம்ம குழுவுக்கு என்ன எடுத்துக்கலாம்னு மட்டும் பேசுறேன்.

அவர் பெயர் சிமொன் தெ பொவ்வார். 1908-இல் பிரான்ஸ் நாட்டில் பாரிஸ் நகரத்தில் பிறந்தவர். வசதியான குடும்பம்தான். ஆனால் முதல் உலகப் போருக்குப் பிறகு அப்பாவின் சொத்து கரைந்துபோனது. அந்தக் காலத்தில் அங்கேயும் இப்படிப்பட்ட குடும்பங்களில் பெண்ணுக்கு வரதட்சணை கொடுக்கணும். ஆமாம், அது நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை. கொடுக்கப் பணமில்லை, அதனால் படித்து வேலைக்குப் போகத்தான் வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் மனக்கசப்பில் சொன்னது, மகளுக்கு வழி திறந்துவிட்டது. 1929-இல், 21 வயதில், தத்துவ ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் நாடு தழுவிய தேர்வில் அவர் இரண்டாம் இடம் வாங்கினார். முதலிடம் ழான் பால் சார்த்தருக்கு. இந்த இருவர் பெயரோடும் சேர்த்துச் சொல்லப்படும் தத்துவத்துக்கு இருத்தலியல் என்று பெயர்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம்ம வீட்டு அரிவாள்மணையை எடுத்துக்குங்க. காய் நறுக்கணும்னு முதலில் நினைத்தார்கள், பிறகுதான் கொல்லர் அதை அடித்தார். அது எதுக்குன்னு அது பிறக்கும் முன்பே முடிவாகிவிட்டது. மனுசப் பிறவி அப்படி இல்லை. முதலில் பிறக்கிறோம். பிறகு, நாம எடுக்கிற ஒவ்வொரு முடிவிலும் நாம யாருன்னு நாமே உருவாக்கிக்கொள்கிறோம். இதுதான் அந்தத் தத்துவத்தின் சாரம்.

'அப்படின்னா பொம்பளையை மட்டும் ஏன் அரிவாள்மணை மாதிரி வெச்சிருக்கீங்க?' பொவ்வார் கேட்ட கேள்வியை நம்ம பாஷையில் சொன்னால் இப்படித்தான் இருக்கும். 1949-இல் 'இரண்டாம் பாலினம்' என்ற பெரிய புத்தகத்தை இரண்டு பாகமாக எழுதினார். அடக்கம், பயம், விட்டுக்கொடுப்பது இதெல்லாம் பெண் கருவிலேயே கொண்டுவருவது இல்லை, வளர்க்கிற விதத்தில் ஏற்றுகிறார்கள் என்று அதில் காட்டினார். தம்பி விளையாடப் போகிற நேரத்தில் அக்கா குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகிறாளே, அந்த மாதிரிதான். கத்தோலிக்கத் திருச்சபை 1956-இல் அந்தப் புத்தகத்தைத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

வெளிநாட்டுக்காரிக்கு என்ன, அங்கே எல்லாம் சுதந்திரம்தானேன்னு நினைக்காதீங்க. பிரான்சில் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டதே 1945-இல்தான். கல்யாணமான பெண், கணவர் சம்மதம் இல்லாமல் தன் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க 1965-இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. நம்ம மாநிலத்தில் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கின. இன்றைக்கு இந்தப் பந்தலில் கணக்குப் புத்தகம் இல்லாத பெண் இல்லை. அது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் சம்பாத்தியம் இல்லாமல் சுதந்திரம் இல்லை, சம்பாத்தியம் மட்டுமே சுதந்திரமும் இல்லை என்பதையும் பொவ்வார் சேர்த்தே சொன்னார். வெளியில் உழைத்துவிட்டு வந்து வீட்டு வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்தால், சுமை இரண்டாகிறது. நமக்குத் தெரியாததா? இந்த விழாவுக்கு வரவே எத்தனை பேர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து மதியச் சோறும் வடிச்சு வெச்சிட்டு வந்திருக்கோம்!

எங்க குழுவில் ஒரு அக்கா. இரண்டு தடவை கடன் வாங்கினார். இரண்டு தடவையும் பணம் வந்த அன்றைக்கே வீட்டில் கை மாறிவிட்டது. தவணை மட்டும் அவர் தலையில். நூறு நாள் வேலைக் கூலியில் கட்டி முடித்தார். மூன்றாவது தடவை மனு வந்தபோது, "இது எதுக்குக்கா? உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டோம். "அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றவர், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு என்ன வேணும்னா அவரை ஏன் கேக்கணும்? ஒரு வாரம் கொடுங்க" என்றார். அடுத்த கூட்டத்தில் வந்து, "எனக்கு இந்தக் கடன் வேண்டாம்" என்றார். வீட்டில் ஒரு மாதம் சண்டை. நாங்க நாலு பேர் போய்ப் பேசினோம். அடுத்த வருசம் அதே அக்கா இரண்டு ஆடு வாங்கக் கடன் கேட்டார். இந்தத் தடவை எதுக்குன்னு யாரும் கேட்கும் முன்னாலேயே அவரே சொன்னார்.

வீட்டுக்காரரோடு கலந்து பேசுவது தப்பில்லை. யோசனை கேட்பது வேறு, உத்தரவு கேட்பது வேறு. "என் கையில என்ன இருக்கு" என்று நாம சொல்கிற நேரத்தில் சிலசமயம் உண்மையிலேயே ஒன்றும் இருக்காது. அடிக்குப் பயந்து பேசாமல் இருக்கும் பெண்ணிடம் போய், உனக்குத் தைரியம் இல்லை என்று சொல்வது நியாயமில்லை. பொவ்வாரும் பெண்ணின் சூழ்நிலையைப் பார்க்காமல் பேசவில்லை. ஆனால் கொஞ்சம் இடம் இருந்தும் அதே வார்த்தையைச் சொன்னால், நம்ம சுதந்திரத்தை நாமே அடகு வைக்கிறோம்.

என் சுதந்திரம் மற்றவர் சுதந்திரத்தோடு சேர்ந்துதான் நிற்கும் என்பதும் அவர் எழுதியதுதான். ஒருத்தி தவணை தவறினால் குழுவே பொறுப்பு என்று ஏற்றுக்கொண்டவர்கள் நாம். அதே மாதிரி ஒருத்தி முடிவெடுக்க முடியாமல் தவித்தாலும் குழுவே பொறுப்பு என்று ஏன் ஏற்கக்கூடாது?

ஊக்குநர்களுக்கும் பிரதிநிதிகளுக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மாதக் கூட்டத்தில் கடன் மனு வந்தால், தீர்மான நோட்டில் எழுதும் முன்னால் அந்த உறுப்பினரிடம் இரண்டு கேள்வி கேளுங்க. "இந்தப் பணம் யார் கையில் இருக்கும்? இது உங்க முடிவா?" அவசரப்படுத்தாதீங்க. அவர் யோசிக்க ஒரு வாரம் கேட்டால் கொடுங்க. வேண்டாம்னு சொன்னால் அதையும் நோட்டில் எழுதுங்க. அதுவும் ஒரு தீர்மானம்தான்.