பாட்டுக்காரர் இல்லாத வெள்ளிக்கிழமை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் தோட்டக் கோயில் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்வியின் பயனைப் பற்றி நான் எழுதிக்கொண்டு வந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதை என்னைவிட நன்றாகப் பேசிவிட்டார்கள். அதனால் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். சற்று முன் திருமுறை ஓதும் போட்டிக்காகச் சில பிள்ளைகள் மேடையேறிப் பரிசு வாங்கினார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு வேறொரு பேச்சு வந்துவிட்டது. கோயிலில் பாடுகிறவரைப் பற்றிய பேச்சு.

நான் பிள்ளையாக இருந்த காலம், 1971 என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒருவர் பாடுவார். காலையில் பால் வெட்டுகிறவர், மாலையில் ஆர்மோனியம் பிடிப்பவர். நாங்கள் 'பாட்டுக்கார மாமா' என்போம். பெரிய வித்துவான் என்று சொல்ல மாட்டேன். குரல் கொஞ்சம் கரகரப்புதான். ஆனால் அவர் செய்த வேலை என்ன என்பது, அவர் போன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

எப்போதும் சுருதியைத் தாழ்த்தித்தான் வைப்பார். "ஏன் மாமா, இன்னும் கொஞ்சம் ஏத்திப் பாடலாமே?" என்று ஒருநாள் கேட்டேன். "அடேய், விடியக் காலையிலேருந்து வாளி தூக்கின பொம்பளைங்க எப்படிடா அவ்வளவு உசரம் வருவாங்க?" என்றார். ஒரு அடி பாடிவிட்டு நிறுத்துவார். கூட்டம் அதைத் திருப்பிப் பாடும்வரை காத்திருப்பார். பின்னால் நிற்கிற கிழவியின் குரல் வந்து சேர்ந்த பிறகுதான் அடுத்த அடிக்குப் போவார். மார்கழியில் பெரட்டுக்கு முன்பே, இருட்டில், லயம் லயமாகப் பஜனை கூட்டிப் போவார். சாவு விழுந்த வீட்டில் திருவாசகம் பாட அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி என்று கேட்டதில்லை. ஒரு தேங்காய், இரண்டு வாழைப்பழம், அவ்வளவுதான்.

அவர் காலமான பிறகு நாங்கள் என்ன செய்தோம்? ஒலிப்பெருக்கியும் ஒலிநாடாவும் வாங்கினோம். வாங்க வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன், மறைக்கவில்லை. நாடாவில் பாடியவர் புகழ்பெற்ற பாடகர், குரல் தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி ஜனங்கள் வாயை மூடி நின்றார்கள். நாடா யாருக்கும் காத்திருக்காதே! தீபாராதனை நடந்துகொண்டே இருக்கிறது, பதிகம் முடிந்துவிட்டது. அடுத்து என்ன வந்தது தெரியுமா? முன்பு யாரோ பதிந்து வைத்திருந்த சினிமாப் பாட்டு! பூசாரி மணியை இன்னும் வேகமாக அடித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை.

நம் முன்னோர் இதை எவ்வளவு பெரிய காரியமாக நினைத்தார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. முதலாம் இராசராசன் தன் 29ஆம் ஆட்சியாண்டுக்குள், அதாவது ஏறக்குறைய 1014க்குள், திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க 2 பேரையும் அமர்த்தினான். ஆக 50 பேர். ஆளுக்கு நாள்தோறும் 3 குறுணி நெல். ஒரு குறுணிக்கு எட்டு நாழி, ஆக 24 நாழி. மாணவர்களே, 50 பேருக்கு நாளொன்றுக்கு எத்தனை நாழி என்று வீட்டில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனக்கு அந்த நெல்லைவிட அடுத்த வரிகள்தான் பெரிதாகத் தெரிகின்றன. இவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினர் வந்து பாட வேண்டும். அவருக்குப் பாடத் தகுதியில்லை என்றால் தகுதியுள்ள வேறொருவரைப் பாட வைக்க வேண்டும். உறவே இல்லையென்றால் மற்றப் பாடகர்கள் கூடித் தகுந்த ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆள் போனாலும் பாட்டு நிற்கக் கூடாது என்று அரசன் யோசித்திருக்கிறான். நாங்கள் யோசிக்கவில்லை. பாட்டுக்கார மாமாவுக்கு வாழைப்பழம் கொடுத்தோம், ஒரு பிள்ளையைக் கொடுக்கவில்லை.

பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் வரலாறு வருகிறது. அறுபத்துமூவரில் அவரும் ஒருவர். திருஞானசம்பந்தர் பாட, இவர் யாழில் வாசிப்பார். காரைக்காலுக்குப் பக்கத்தில் உள்ள தருமபுரத்தில், "இவர் யாழால்தான் பதிகத்துக்குப் புகழ்" என்று இவருடைய உறவுக்காரர்களே பேசினார்களாம். மனம் நொந்த பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடும்படி சம்பந்தரை வேண்டினார். அவரும் பாடினார். யாழ் தோற்றது. யாழை உடைக்கப் போன பாணரைச் சம்பந்தர்தான் தடுத்தார். அந்தப் பதிகத்துக்கு யாழ்மூரி என்று பெயர். இது எல்லாருக்கும் தெரிந்த கதை.

எனக்கு அதைவிட மதுரைக் கதைதான் பிடிக்கும். பாணர் அங்கே தரையில் அமர்ந்து வாசிக்கிறார். ஈரம் பட்டால் யாழ் நரம்பின் கட்டு தளரும் என்று இறைவனே சொல்லிப் பொற்பலகை இடச் செய்தான். ஆலவாய்ப் பெருமான் ஒரு பாணனுடைய வாத்தியத்துக்கு ஈரம் படுமே என்று கவலைப்பட்டிருக்கிறான்! எங்கள் கோயில் சாமான் அறையில் அந்த ஆர்மோனியம் பல வருடம் சிமெண்டுத் தரையில்தான் கிடந்தது.

நாதசுரக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாமி புறப்பட்டால் மல்லாரி வாசிப்பார், கம்பீர நாட்டை ராகத்தில். படுத்த படுக்கையாய் இருக்கிற பாட்டி கூட அதைக் கேட்டு, "சாமி கிளம்பிருச்சு, வெளக்கேத்துங்கடி" என்பாள். இப்போது பல கோயில்களில் ஸ்விட்சைப் போட்டால் அடிக்கிற மின்சார மேளம் வந்துவிட்டது. அதற்கு எல்லா நேரமும் ஒரே அடிதான். ஆள் கிடைக்கவில்லை, சம்பளம் கட்டவில்லை என்று நிர்வாகங்கள் சொல்வதும் பொய்யில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க விழித்திருந்தவன் நான்.

ஆனாலும் பாடுவதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலேசிய இந்து சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிக்கு எத்தனை பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள்! போட்டி முடிந்ததும் கோப்பை அலமாரிக்குப் போகிறது, பதிகம் மறதிக்குப் போகிறது. பெற்றோர் மேல் மட்டும் குறை சொல்லவில்லை. அந்தப் பிள்ளையைக் கோயிலில் பாடச் சொல்லி நாங்கள் கூப்பிட்டோமா?

"பொண்ணு பாடலாமா?" என்று போன மாதம் ஒரு தாய் என்னைக் கேட்டார். அம்மா, 2021இல் சென்னைக்குப் பக்கத்தில் மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலில் ஓர் இளம்பெண்ணை ஓதுவாராக நியமித்தார்கள். நம் தோட்டத்து மாரியம்மனா வேண்டாம் என்பாள்?

ஆர்மோனியத்தைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ப் பழுது பார்த்து வந்துவிட்டோம். அதற்கு ஒரு மரப்பலகையும் செய்தாகிவிட்டது. பொன் இல்லை, பலா மரம். வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணிக்கு, இன்று பரிசு வாங்கிய பிள்ளைகள் கோயிலுக்கு வரட்டும். கூட ஒரு பெரியவர் வந்தால் போதும். சுருதி தாழ்த்தித்தான் வைப்போம்.